'லேக் வியூ' போர்டு வைத்திருக்கும் ஊட்டி விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏரிக்கு மேலே லாட்ஜ், காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்தும் எல்லோருக்கும்,

போன வாரம் உங்களில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து ஒரு மனுவில் கையெழுத்துக் கேட்டீர்கள். ஏரி நாறுகிறது, வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ஆன்லைனில் ஸ்டார் குறைகிறது, ஆகவே அரசு உடனே ஏரியைத் தூர்வாரிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம். "அப்புறம் பார்க்கலாம்ங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வரவில்லை. டீ வேறு கொடுத்து உட்கார வைத்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த இரண்டு பக்கத்தில் 'அரசு' என்ற சொல் பதினொரு முறை வருகிறது. எண்ணிப் பார்த்தேன். 'குழாய்' என்ற சொல் ஒரு முறைகூட இல்லை.

நான் வெளியாள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மூன்று அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். உங்கள் தொழில்தான் என் தொழில். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு லாட்ஜில் ரூம் பாய். எந்த லாட்ஜ் என்று கேட்காதீர்கள். அந்த முதலாளி மேல் எனக்குக் கோபமும் இல்லை, என் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் அவர். ஆனால் அங்கே நான் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் இந்த மடலை எழுத முடியாது.

மே மாதம். மலர்க் கண்காட்சி வாரம். 24 அறையும் ஃபுல், ஹாலில்கூடப் பாய் போட்டு ஒரு குடும்பம். செப்டிக் டேங்க் நிரம்பி மூடியின் ஓரத்தில் கசிய ஆரம்பித்துவிட்டது. லாரிக்காரரைக் கூப்பிட்டால் நாலு நாள் கழித்துத்தான் முறை என்கிறார். அன்று ராத்திரி ஒரு மணி இருக்கும், மழை கொட்டியது. மேனேஜர் என்னை எழுப்பினார். "டேய், மழை நல்லா புடிச்சிருக்கு. போய்த் தொறந்துட்டு வந்துரு." வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, எனக்கு முன்னால் இருந்தவன் எதைத் திறப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தான்.

பின்பக்கச் சுவருக்கு வெளியே, பிளம்ஸ் மரத்துக்கு அடியில், ஒரு நாலு இஞ்ச் பிளாஸ்டிக் குழாய். வாயில் மூடி, மூடி மேல் சாக்கு, சாக்கு மேல் ஒரு கல். கல்லைத் தள்ளி, சாக்கை எடுத்து, மூடியைத் திருகினேன். முதலில் காற்று வந்தது. அப்புறம் வந்ததை எழுத வேண்டாம். ஓடையில் மழைத் தண்ணீர் இரைந்து போனதால் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அரை மணி நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அந்த நாற்றத்தோடு தைல மர வாசனையும் சேர்ந்து அடித்தது. இன்றைக்கும் மழையில் தைல மரம் மணந்தால் எனக்கு அந்த ராத்திரிதான்.

காலையில் மேல்மாடிக்கு டீ கொண்டுபோனேன். சேலத்திலிருந்து வந்த ஒரு அம்மா பால்கனியில் நின்று ஏரி மேல் மூடுபனி நகர்வதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க தம்பி, தினமும் இதைப் பாக்கறீங்க" என்றார். ஆமாங்க என்றேன்.

ஒன்பது வருஷத்தில் எத்தனை முறை திறந்தேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. நான் ஒருவன்தான் திறந்தேன் என்றும் நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

நம் ஊரின் அமைப்பைக் கொஞ்சம் யோசியுங்கள். தொட்டபெட்டா, ஸ்நோடன், எல்க் ஹில், கிளப் ஹில் என்று சுற்றிலும் மேடு. நடுவில் கிண்ணம் மாதிரி பள்ளத்தாக்கு. சரிவில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் கீழேதான் வந்தாக வேண்டும். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823இல் வேலையை ஆரம்பித்து, இந்த ஓடைகளைக் கரை போட்டு மறித்து, 1825இல் ஏரியாக்கினார். இயற்கையாக உண்டான ஏரி இல்லை, பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் தேக்கி வைத்த தண்ணீர். சாப்பிட்ட தட்டின் பள்ளத்தில் ரசம் தேங்குவது மாதிரி. மேலே என்ன ஊற்றுகிறோமோ அதுதான் பள்ளத்தில் நிற்கும்.

அந்தக் காலத்தில் ஏரி இப்போது இருப்பதைவிட எவ்வளவோ பெரியது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகில்தான் போவார்கள். இன்றைய பஸ் ஸ்டாண்ட், ரேஸ் கோர்ஸ் எல்லாம் அப்போது தண்ணீர். சுருங்கிச் சுருங்கி இன்று சுமார் 65 ஏக்கர் என்கிறார்கள். ஏரி பாதிக்குமேல் போனதற்கு நாம் காரணம் இல்லை, நம் தாத்தாக்கள் காலத்துக்கு முன்பே நடந்தது. மிச்சம் இருப்பதற்கு நாம்தான் பொறுப்பு.

ஏரிக்குள் வருகிற முக்கியமான வரத்து கோடப்பமந்து கால்வாய். அதை இப்போது யாரும் கால்வாய் என்றுகூடச் சொல்வதில்லை, சாக்கடை என்கிறோம். பெயரில் 'மந்து' இருக்கிறது பாருங்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. எருமைகள் தண்ணீர் குடித்த ஓடைக்கு அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். இன்று ஒரு எருமையைக் கொண்டுபோய் நிறுத்தினால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். சேரிங் கிராஸ் பக்கமாக, மார்க்கெட்டை ஒட்டி, பஸ் ஸ்டாண்டைக் கடந்து ஏரிக்குள் போகிற அந்தக் கால்வாயில் ஒரு மழை நாளில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். சோப்பு நுரை, ஹோட்டல் எண்ணெய், குழந்தைகளுக்குக் கட்டிவிடுகிற டயப்பர். இந்த ஊரில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை இருக்கிறது. டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டமே 2022இல் நீலகிரியில்தான் தொடங்கியது. பாட்டிலுக்கு அவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிற மலை இது.

2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வந்தது. வியாபாரம் போச்சு என்று நாம் எவ்வளவு கத்தினோம்! வண்டியை எண்ணினார்கள், நமக்குக் கோபம் வந்தது. நல்லவேளை, கழிவறையை யாரும் எண்ணவில்லை என்று மனதுக்குள் ஒரு நிம்மதியும் இருந்ததா இல்லையா? எனக்கு இருந்தது.

சரி, நாமே எண்ணுவோம். கட்டட விதிகளில் விடுதிப் படுக்கை ஒன்றுக்கு நாளைக்கு 180 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு உண்டு. நான் வேலை பார்த்த லாட்ஜில் 24 அறை, சீசனில் அறைக்கு மூன்று பேர் என்றாலே 72 பேர். கிட்டத்தட்ட 13,000 லிட்டர். ஒரு நாளைக்கு, ஒரு லாட்ஜில். குளிப்பதற்கு வெந்நீர் கேட்டு வாளி வாளியாக ஊற்றுகிற கூட்டம் நம்முடையது என்பதால் கணக்கு குறையாது. உள்ளே வருகிற 13,000 லிட்டரும் வெளியே போயாக வேண்டும். உங்கள் இடத்தில் அது எங்கே போகிறது? டேங்குக்கு என்று சொல்லாதீர்கள். டேங்கிலிருந்து எங்கே?

இங்கேதான் மலைக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. கோயம்புத்தூர் மேஸ்திரி போட்டுக் கொடுத்த செப்டிக் டேங்க் கணக்கு இந்த உயரத்தில் அப்படியே செல்லாது. டேங்குக்குள் கழிவைச் செரிக்கிற வேலையைச் செய்வது கிருமிகள். குளிர் ஏற ஏற அவை மந்தமாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற ஊரில், கடலூரில் செரிக்கிற வேகத்தில் எதுவும் செரிக்காது. உறிஞ்சு குழி போட்டிருக்கிறேன் என்பார்கள் சிலர். நம் சரிவில் மழைக்காலத்தில் மண் ஏற்கனவே ஊறிப்போய் நிற்கும், உறிஞ்ச இடம் ஏது? குழியில் விட்ட தண்ணீர் கீழ் வீட்டுக்காரனின் தடுப்புச் சுவரில் ஒழுகும். அங்கிருந்து ஓடை. ஓடையிலிருந்து கால்வாய்.

ஏரியில் அது என்ன செய்கிறது என்று நீங்கள் அறைக்குள்ளிருந்தே பார்க்கலாம், 'வியூ' இருக்கிறதே. நம் கழிவில் இருக்கிற சத்துதான் ஆகாயத்தாமரைக்கு உரம். வயலுக்கு யூரியா போட்ட மாதிரி அது படரும். மடிந்தால் அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். அடியில் சேறு தடிக்கும். பனிக்கால ராத்திரிகளில் மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, கீழே கிடந்தது மேலே வரும். தூர்வாரினால் போதும் என்று மனுவில் எழுதியிருக்கிறீர்கள். வாரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குழாய் திறந்திருக்கிற வரைக்கும் அது வாளியில் ஓட்டையை வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற வேலை.

என் அப்பா இந்த ஏரியில் தூண்டில் போட்டவர். மிரர் கார்ப் என்கிற கண்ணாடிக் கெண்டை, உடம்பில் அங்கங்கே மட்டும் பெரிய செதில் கண்ணாடித் துண்டு ஒட்டியது மாதிரி இருக்கும். 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்ட இனம் அது. நம் ஏரியிலிருந்துதான் நாட்டின் மற்ற நீர்நிலைகளுக்கும் அந்த மீன் போக ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்று மாட்டினால் வீட்டில் விசேஷம். அம்மா மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று முறை கழுவுவாள், சேற்று வாடை போக. எனக்கு விவரம் தெரிந்த ஒரு வருஷத்தில் அம்மா மீனை வாங்கி முகர்ந்துவிட்டு, "இது கழுவுனா போற வாடை இல்லைங்க" என்று அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் தூண்டிலை எடுக்கவில்லை. அது கூரையில் செருகியபடியே இருந்து, வீட்டை இடித்துக் கட்டும்போது எங்கோ போய்விட்டது.

நாம் இந்த ஏரித் தண்ணீரைக் குடிப்பதில்லை. நமக்குப் பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து வருகிறது, மார்லிமந்து அணையிலிருந்து வருகிறது. அதனால்தான் பயம் இல்லை. ஆனால் ஏரி நம்மோடு முடிந்துவிடுவதில்லை. வழிகிற தண்ணீர் காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. அது மோயாற்றுப் படுகை. மோயாறு பவானிசாகரில் சேர்கிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. சத்தியமங்கலத்தில் குடிக்கிறார்கள், கோபியில் குடிக்கிறார்கள். என் தங்கையைக் கோபியில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வருஷா வருஷம் அவளுக்குக் கேரட்டும் பீட்ரூட்டும் மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்புவேன். வேறு என்ன அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். "ஊரே விடுகிறது, நாம் ஒருவர் நிறுத்தி என்ன ஆகும்?" 2011 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் 88,000 பேர். அவர்களும் விடுகிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் காந்தலில் ஒரே அறை வீட்டில் ஆறு பேராக இருக்கிறவர் ஏரியைக் காட்டிச் சம்பாதிக்கவில்லை. நாம்தான் போர்டில் ஏரியின் பெயரை எழுதி, ஏரி தெரிகிற ஜன்னலுக்கு ஐந்நூறு ரூபாய் அதிகம் வாங்குகிறோம். (சில 'லேக் வியூ' அறைகளில் தைல மர உச்சிதான் தெரியும், அது வேறு கதை.) "அரசு பாதாளச் சாக்கடை சரியாகப் போடவில்லை." உண்மை. எல்லாத் தெருவுக்கும் வரவில்லை, வந்த இடத்தில் மழைக்குப் பொங்குகிறது. அதைக் கேட்டு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் பொங்குவதற்கு ஒரு காரணம் மொட்டைமாடி மழைத் தண்ணீரை நாம் அதே லைனில் விடுவது. லைன் வாசலில் போயும் கட்டணத்துக்குப் பயந்து இணைப்பு வாங்காதவர்களும் நம்மில் உண்டு. "லாரிக்குச் செலவு கட்டாது." சீசனில் ஒரு நல்ல அறையின் ஒரு ராத்திரி வாடகைதான் லாரியின் ஒரு நடை. இதற்கு மேல் பேச வேண்டாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மனுவைப் படித்த மறுநாள், வீட்டில் கோலத்துக்கு வாங்கிய சிவப்புக் கலர் பொடியைக் கரைத்து மூன்று கழிவறையிலும் குளியலறையிலும் சமையல் தொட்டியிலும் ஊற்றினேன். கழிவறை கலர் டேங்கில் நின்றது. குளியலறையும் சமையலும் இருபது நிமிஷத்தில் கீழே ஓடையில் செக்கச்செவேல் என்று வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பாட்டி, "என்னடா, ஆடு அறுத்தீங்களா?" என்று கேட்டார். பிளம்பர் எங்கே இணைத்தார் என்று இத்தனை வருஷம் நான் கேட்கவே இல்லை. சமையல் லைனை மாற்றிவிட்டேன். குளியலறை லைன் இன்னும் பாக்கி, பாறையை உடைக்க வேண்டியிருக்கிறது. ஆக, முழுச் சுத்தமான கையோடு இதை எழுதவில்லை.

உங்களிடம் கேட்பது இவை.

முதலில் அந்தக் கலர் பொடிச் சோதனை. ஒவ்வொருவரும் உங்கள் இடத்தில் செய்யுங்கள், வருகிற ஏப்ரல் 15க்குள், சீசன் கூட்டம் வருவதற்கு முன்னால். பத்து ரூபாய்ப் பொடி போதும். எங்கே கலர் வந்தது என்று நம் விடுதிக்காரர்கள் கூட்டத்தில் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஓடையில் வந்தால் அந்த இணைப்பை அடைத்துவிடுங்கள். மழைக்குத் திறக்கிற குழாய் வைத்திருப்பவர்கள் அதன் வாயில் மூடி போடாதீர்கள், சிமெண்ட் வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். மூடி இருந்தால் ஒரு ராத்திரி யாராவது திறப்பார்கள்.

பாதாளச் சாக்கடை லைன் உங்கள் தெருவில் போகிறது என்றால் இந்த வருஷமே இணைப்பு வாங்குங்கள், மழைத் தண்ணீரை அதில் விடாதீர்கள். லைன் இல்லாதவர்கள் ஏப்ரலிலும், இரண்டாம் சீசனுக்கு முன்னால் ஆகஸ்டிலும் லாரி வைத்து டேங்கை எடுத்து, ரசீதை வரவேற்பறையில் மாட்டுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாலும் சரி. லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறதா, வழியில் காட்டோரம் எங்காவது கொட்டுகிறதா என்று ஒரு முறையாவது பின்னால் போய்ப் பாருங்கள். தனித்தனியாகக் கூப்பிட்டால் நாலு நாள் காக்க வைக்கிற லாரிக்காரர், முப்பது பேர் சேர்ந்து தேதி வாங்கினால் வருவார். அந்தப் பட்டியலை எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

சமையல்கட்டு வைத்திருப்பவர்கள் எண்ணெய் பிடிக்கிற சின்னத் தொட்டி ஒன்று கட்டுங்கள். இரண்டு தடுப்புச் சுவர், ஒரு மூடி, அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு முறை மேலே மிதப்பதை அள்ள வேண்டும்.

ரூம் பாய்களை நடுராத்திரியில் எழுப்பி அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். மூடியைத் திறந்து டேங்குக்குள் ஆளை இறக்கவே இறக்காதீர்கள், 2013ஆம் வருஷச் சட்டப்படி அது குற்றம், விஷவாயு சட்டம் பார்த்து வராது. "முடியாது" என்று சொல்கிற பையனின் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று நம் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கல்யாண அட்வான்ஸ் பாக்கி இருந்தது.

கடைசியாக, மனு. "அரசு உடனடியாக" என்று தொடங்குகிற முதல் வரிக்கு முன்னால் இன்னொரு வரி சேருங்கள்: "ஏரிக்கு மேலே விடுதி நடத்தும் நாங்கள், எங்கள் கழிவுக் குழாய்களை இந்தத் தேதியில் அடைத்துவிட்டோம்." தேதியை நீங்களே போடுங்கள். அதற்குக் கீழே தூர்வாருவது, பாதாளச் சாக்கடை, எது வேண்டுமானாலும் பதினொரு முறை அரசைக் கேட்கலாம், கேட்க நமக்கு வாய் இருக்கும்.

மனுவின் நகல் ஒன்றை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த வரியைச் சேர்த்ததும் சொல்லி அனுப்புங்கள், வந்து கையெழுத்துப் போடுகிறேன். குளியலறைப் பாறையை உடைக்கும் ஆள் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். கம்ப்ரெஸர் வைத்திருக்கிற யாராவது ஒரு நாள் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன், மூன்று அறைக்காரன்
ஊட்டி